சிரிக்காமல் சிரிக்க வைத்தவர்

ஆபீஸில் ஜோக் அடிக்கிறவனுக்குப் பிரமோஷன் வராது என்று ஒரு நம்பிக்கை எல்லா ஆபீஸ்களிலும் உண்டு. முன்பு நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இடத்தில் இது கையெழுத்துப் போடாத சர்க்குலர். சிரிக்க வைக்கத் தெரிந்தவன் டீ நேரத்தில் ஹீரோ. வருஷக் கடைசியில் மதிப்பெண் போடும்போது மட்டும் 'பொறுப்பு போதாது' என்று ஒரு வரி விழும். சிரிக்காதவர்தான் மேனேஜர் ஆவார். ஆன பிறகு அவர் ஜோக் சொல்வார், நாம் சிரித்தாக வேண்டும். அது தனிக் கொடுமை.

இந்தச் சர்க்குலரைக் கிழித்துப் போட்ட ஒரு ஆசாமி இருந்தார். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர். மேஜை, நாற்காலி, ஃபைல், வருகைப் பதிவேடு எல்லாம் உள்ள ஆபீஸ். அதற்குள் இருந்துகொண்டே தினம் சில நிமிஷம் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை. பதினான்கு வருஷம். சென்னை வானொலியில் உதவி நிலைய இயக்குநராக, அதாவது முறைப்படி பிரமோஷன் எல்லாம் வாங்கிக்கொண்டு, ஓய்வு பெற்றார். இத்தனைக்கும் மைக் முன்னால் அவர் மட்டும் சிரித்ததே இல்லை.

தென்கச்சி கோ. சுவாமிநாதன். நிகழ்ச்சி, 'இன்று ஒரு தகவல்'.

இருபதுகளில் இருக்கும் தம்பிகள் "யார் ப்ரோ அது?" என்று கேட்கலாம். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அந்தப் பெயரை மட்டும் சொல்லிப் பாருங்கள். முகம் ஐந்து வினாடியில் இருபத்தைந்து வருஷம் பின்னால் போகும். எங்கள் வீட்டில் போயிற்று.

* * *

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலை கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். அதில் வருண லிங்கத்தைத் தாண்டி, வாயு லிங்கத்துக்கு முன்னால் வருவது எங்கள் ஊர். பௌர்ணமிக்கு நடந்தவர்கள் எல்லாம் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். கால் வலி அங்கேதான் ஆரம்பித்திருக்கும். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பது ஐதிகம். அவருக்கு இங்கே ஒரு கோயிலும் உண்டு.

ஆனால், ரேடியோ கேட்பதற்கு எங்கள் ஊர் அவ்வளவு உசிதமான இடம் இல்லை. மெட்ராஸ் எங்களுக்கு வடகிழக்கே. நாங்கள் இருப்பது மலைக்கு மேற்கே. நடுவில் ஏறத்தாழ எண்ணூறு மீட்டர் உயரத்துக்கு அண்ணாமலையார் உட்கார்ந்திருக்கிறார்.

நல்ல வேளையாக சென்னை வானொலியின் முதல் அலைவரிசை மத்திய அலை. 720 கிலோஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் அந்த அலையின் நீளம் 400 மீட்டருக்கு மேல் வரும். இவ்வளவு நீளமான அலை மலையைக் கண்டு மிரண்டு நின்றுவிடாது. வளைந்து சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து சேரும். அதாவது தென்கச்சியாரின் குரல் தினமும் காலையில் கிரிவலம் வந்துதான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. செருப்புப் போட்டுக்கொண்டு வந்ததா, தெரியாது.

வந்த குரலைப் பிடிப்பது அப்பாவின் வேலை. எங்கள் டிரான்ஸிஸ்டர் ஒரு தனி ஜாதி. பேட்டரி மூடி எப்போதோ தொலைந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. மத்திய அலைக்கு வெளியே நீட்டும் ஏரியல் உதவாது. பெட்டிக்குள்ளே கம்பி சுற்றிய ஒரு கருப்புக் குச்சி இருக்கும், அதுதான் ஏரியல். குச்சியின் பக்கவாட்டு, ஸ்டேஷன் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். முனை பார்த்தால் கொர்ர் என்ற சத்தம்தான். இந்த விஞ்ஞானம் எதுவும் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால், ரேடியோவைக் கையில் எடுத்துக் குழந்தையைத் திருப்புகிற மாதிரி மெதுவாகத் திருப்புவார். ஓரிடத்தில் கரகரப்பு அடங்கும். அப்படியே ஜன்னல் திண்டில் வைப்பார். அதன் பிறகு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது.

அம்மா போவாள். முறைப்பார். "மலையே குறுக்க நிக்குது, அதைக் கேக்க மாட்டீங்க. நான் போனா மட்டும் முறைப்பீங்க" என்பாள்.

அப்பா ஓர் அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. பேச்சு மிகக் குறைவு. நான் ஆறாவதோ ஏழாவதோ படித்த காலத்தில் எனக்கும் அவருக்கும் நடந்த உரையாடல்களை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். "மார்க் என்ன?" "சைக்கிள்ல காத்து இருக்கா?" "தலை வாரு." முடிந்தது. அப்பாவும் பையனும் பேசிக்கொள்வது என்பது அந்தக் காலத்தில் தேவையில்லாத செலவு. இப்போதும் பல வீடுகளில் அப்படித்தான் என்று கேள்வி.

ஆனால், தினமும் காலையில் சில நிமிஷம் நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம். நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சிரிப்பேன். அவர் சவரம் செய்துகொண்டே சிரிப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம். பார்த்தால் உறவு ஏற்பட்டுவிடுமோ என்று பயம். சவரத்தில் வெட்டுப்பட்ட நாட்களில் "இந்த ஆளால..." என்று ரேடியோவைப் பார்த்து அன்பாகத் திட்டுவார்.

* * *

ஒரு வருஷம் அந்த மண்டியை மூடிவிட்டார்கள். முதலாளிகளுக்குள் பங்குத் தகராறு. கணக்குப்பிள்ளைக்குச் சேர வேண்டிய கடைசி இரண்டு மாதச் சம்பளம் எந்தப் பங்கில் சேர்ந்தது என்று இன்றுவரை தெரியாது. அப்பா ஏழெட்டு மாதம் வீட்டில் இருந்தார்.

வேலையில்லாத அப்பா வீட்டில் இருப்பது எப்படி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வீடு சின்னதாகிவிடும். பாத்திரம் வைக்கிற சத்தம்கூட யாரையோ குத்திக்காட்டுகிற மாதிரி கேட்கும். அப்பா வழக்கம்போல ஆறு மணிக்கு எழுந்து, குளித்து, சவரம் செய்து, சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போக இடம் கிடையாது.

ரேடியோ மட்டும் நிற்கவில்லை. முதல் சில வாரம் அப்பா அதைத் திருப்பி வைப்பார், கேட்பார், ஆனால் சிரிக்கமாட்டார். நானும் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதபோது நான் எப்படிச் சிரிப்பது? மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் மௌனமாக ஹாஸ்யம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு நாள் அவர் சிரித்துவிட்டார். எந்தக் கதைக்கு என்பது இன்று நினைவில் இல்லை. யாரோ ஒருத்தர், யாரோ ஒரு டாக்டர், கடைசியில் ஒரு திருப்பம். அப்பா பெரிதாகச் சிரித்தார். அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்று அவர் மளிகைக் கடைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்காரரிடம் அந்தக் கதையை அப்படியே சொன்னார், அதுவும் தென்கச்சியார் மாதிரியே இழுத்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பழைய பாக்கி நூத்தி நாப்பது இருக்குதுங்க" என்றார்.

ஹாஸ்யம் கடனை அடைக்காது. அதை நேரில் பார்த்த சாட்சி நான். ஆனால் கடனுக்குப் போய் நின்ற மனுஷர், தலை குனியாமல் நின்றார். கடைக்காரரும் பாக்கியைக் கேட்டாரே தவிர, பருப்பைக் கொடுக்காமல் அனுப்பவில்லை. திரும்பும் வழியில் அப்பா என்னிடம் நாலு வாக்கியம் தொடர்ந்தாற்போல் பேசினார். அது எங்கள் வீட்டுச் சாதனை.

அந்த வருஷம்தான் எனக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. எங்கோ மெட்ராஸில் ஓர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர், மலைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டுக்குள் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்? அதுவும் தினமும்?

* * *

அவர் இதற்காகப் படித்தவர் இல்லை. படித்தது விவசாயம். சொந்த ஊர் இன்றைய அரியலூர் மாவட்டத்துத் தென்கச்சிப் பெருமாள் நத்தம். பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட 'தென்கச்சி' அதுதான். வேளாண்மைப் பட்டம் வாங்கி, வேளாண்மைத் துறை வேலை பார்த்து, பிறகு திருநெல்வேலி வானொலிக்கு விவசாய நிகழ்ச்சிகளுக்காக வந்தவர். அங்கிருந்து சென்னை.

விவசாய நிகழ்ச்சி என்றால் சிரிக்காதீர்கள். வானொலியில் அதுதான் கஷ்டமான பேச்சு. எதிரில் இருக்கிறவர் மூன்று தலைமுறையாக உழுதவர். "உரம் இவ்வளவு போடு" என்று ஒரு பெட்டி சொன்னால் அவர் ஏன் கேட்கவேண்டும்? ஆனாலும் கேட்டார்கள். 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏடிடி 27 என்ற புது நெல் பரவியது. வானொலி சொல்லித் தெரிந்துகொண்டதால் விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. ஆராய்ச்சி நிலையம் ஒரு பெயர் வைத்தது, களத்துமேடு வேறு பெயர் வைத்தது. பேசினவன் பேச்சு சரியாக இருந்தால்தான் இப்படி நடக்கும்.

அந்தப் பேச்சுக்கு மூன்று விதி. மேடைத் தமிழ் கூடாது. நான் மேலே, நீ கீழே என்ற தொனி கூடாது. கடைசியாக, கேட்கிறவர் பாதியில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடக்கூடாது. தென்கச்சியார் 'இன்று ஒரு தகவ'லில் செய்தது அத்தனையும் இந்த மூன்றில் அடங்கும். உரத்துக்குப் பதில் தகவல். நெல்லுக்குப் பதில் சிரிப்பு. பயிற்சி என்னவோ வயலில் எடுத்ததுதான்.

நம்மில் எத்தனை பேர் படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமில்லை என்று டீக்கடையில் புலம்பியிருக்கிறோம்? நானே பி.காம். டெபிட், கிரெடிட் படித்துவிட்டு நகைச்சுவைப் பத்தி எழுதுகிறேன். சம்பந்தம் இல்லாமல் இல்லை. எங்கே கழிக்கவேண்டும் என்று தெரிந்தால் கணக்கும் நிற்கும், ஜோக்கும் நிற்கும்.

* * *

அவர் பேச்சின் அமைப்பைக் கவனித்தால் அதில் ஒரு கைவேலை தெரியும். முதலில் ஒரு தகவல். உடம்பைப் பற்றியோ, மனசைப் பற்றியோ, ஒரு மேல்நாட்டு அறிஞர் சொன்னதோ, நம் சித்தர் சொன்னதோ. அது உண்மையிலேயே உபயோகமான சமாசாரமாக இருக்கும். பிறகு அதை நம் வீட்டுப் பாஷையில் விளக்குவார். "இப்ப நீங்க இருக்கீங்க... நான் இருக்கேன்..." என்று அவசரமே இல்லாமல் போகும். நாம் திருந்திவிடலாம் என்று முடிவு செய்கிற நேரத்தில் ஒரு கதை வரும். ஒரு ஊரில் ஒருத்தர். அந்த ஒருத்தர், இதுவரை சொன்ன உபதேசத்தையெல்லாம் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஒரு பதில் சொல்வார். அவ்வளவுதான். நிகழ்ச்சி முடிந்தது.

அதாவது, அவர் கொடுத்த உபதேசத்தை அவரே கடைசி வரியில் கவிழ்த்துவிடுவார். கேட்கிறவனுக்கு உபதேசம் கேட்ட கூச்சம் இருக்காது. ஆனால், தகவல் மட்டும் மனசில் தங்கிவிடும். மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைப்பார்கள் இல்லையா, இவர் பழத்தைக் கடைசியில் கொடுத்தார்.

இதில் உயிர்நாடி, சொல்கிறவர் சிரிக்கக்கூடாது என்பது. எங்கள் ஊர் டீக்கடைக்காரர் ஒருவர் இதில் கெட்டிக்காரர். ஒரு பௌர்ணமி இரவு, நடந்து களைத்த ஒரு பட்டணத்துக்காரர் அவரிடம் பக்தியோடு கேட்டார்: "பெரியவரே, மலையை எத்தனை தடவை சுத்தி வந்தா கடன் தீரும்?"

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே யோசித்தார். "அது எனக்குத் தெரியாதுங்க சார். ஆனா ஒண்ணு சொல்றேன். எங்கிட்ட கடன் சொல்லிட்டுப் போனவங்க யாரும் அடுத்த சுத்துல இந்தப் பக்கம் வரலை. இருக்கிறது ஒரே ரோடு. எப்படித்தான் மலையைச் சுத்துறாங்களோ!"

சொல்லிவிட்டு அடுத்த கிளாஸைக் கழுவப் போய்விட்டார். நாங்கள் பத்துப் பேர் சிரித்தோம். பட்டணத்துக்காரரும் சிரித்துவிட்டு உடனே காசை எடுத்து வைத்தார். கடைக்காரர் மட்டும் ஒரு பல்லைக்கூடக் காட்டியிருந்தால், அது கடன் கேட்கிற குத்தல் பேச்சாகியிருக்கும். சிரிக்காததால் ஹாஸ்யம் ஆயிற்று. தென்கச்சியார் இந்த ரகசியத்தை மைக்குக்குக் கொண்டுபோனார். மைக்கில் இது இன்னும் கஷ்டம். எதிரே சிரிப்பதற்கு ஒரு ஆள்கூட இருக்கமாட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

* * *

இன்னொரு சிரமமும் உண்டு. அதை ஆபீஸ்காரர்கள் உடனே புரிந்துகொள்வீர்கள். ரூல்ஸ்!

அகில இந்திய வானொலிக்கு ஒன்பது அம்ச ஒலிபரப்பு நெறிமுறை உண்டு. நேச நாடுகளை விமர்சிக்கக்கூடாது. மதங்களையோ சமூகங்களையோ தாக்கக்கூடாது. ஆபாசம், அவதூறு கூடாது. வன்முறையைத் தூண்டக்கூடாது. கோர்ட் அவமதிப்பு கூடாது. ஜனாதிபதி, கவர்னர், நீதித்துறை மேல் களங்கம் கற்பிக்கக்கூடாது. எந்தக் கட்சியையும் பெயர் சொல்லித் தாக்கக்கூடாது. மத்திய, மாநில அரசுகளைக் கடுமையாகச் சாடக்கூடாது. அரசியல் சட்டத்தை அவமதிக்கக்கூடாது.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். தமிழன் டீக்கடையில் சிரிக்கிற விஷயங்களில் முக்கால்வாசி போய்விட்டது. அரசியல்வாதி போனார், சர்க்கார் போயிற்று, ஜாதி போயிற்று, பக்கத்து நாடுகூட போயிற்று. மிச்சம் இருப்பது என்ன? மனுஷன். அவன் மறதி, அவன் பயம், அவன் சோம்பேறித்தனம், டாக்டரிடம் அவன் சொல்லும் பொய், பெண்டாட்டியிடம் மாட்டிக்கொள்ளும் அசட்டுத்தனம். தென்கச்சியார் பதினான்கு வருஷம் அந்த மிச்சத்தில் குடித்தனம் நடத்தினார். கட்டுப்பாட்டைப் பற்றிப் புலம்பினவர் வேறு யாராவது இருந்திருக்கலாம். கட்டுப்பாட்டுக்கு உள்ளேயே ஒரு மனுஷன் நிற்கிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர் இவர்.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது? நியூயார்க்கில் டபிள்யு.ஓ.ஆர். என்ற ஸ்டேஷனில் ஜீன் ஷெப்பர்ட் என்று ஒருவர், 1950-களின் நடுவிலிருந்து 1977 வரை, ராத்திரி நேரத்தில் மைக் முன்னால் தனியாக உட்கார்ந்து தன் சின்ன வயசுக் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். 1956-ல் நிர்வாகம் அவரை அனுப்பப் பார்த்தது. காரணம், உங்கள் நிகழ்ச்சிக்கு விளம்பரம் வராது என்பது. ஷெப்பர்ட் என்ன செய்தார்? பணமே தராத ஒரு சோப்புக் கம்பெனிக்குத் தானாகவே விளம்பரம் செய்தார். நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. நேயர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்த சோப்புக் கம்பெனியே விளம்பரம் தர முன்வந்தது. மனுஷர் திரும்பவும் மைக் முன்னால்!

அங்கே விளம்பரதாரர் எஜமான், இங்கே நெறிமுறை எஜமான். எஜமான் இல்லாத ஹாஸ்யம் உலகத்தில் எங்கும் கிடையாது. என் பத்திக்கு எடிட்டர் இருக்கிற மாதிரி.

* * *

இப்போது பி.காம். படித்தவன் புத்தி. ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட்டால் வருஷத்துக்கு 313 நாள். பதினான்கால் பெருக்குங்கள். 4,382. லீவு, காய்ச்சல், மறு ஒலிபரப்பு என்று தாராளமாகத் தள்ளுபடி கொடுத்தாலும் ஆயிரக்கணக்கில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தகவல், ஒரு கதை. நிகழ்ச்சி பிறகு அதே பெயரில் பல பாகங்களாகப் புத்தகமாக வந்ததில் ஆச்சரியமில்லை.

வாரம் ஒரு பத்தி எழுதுகிற எனக்கே புதன்கிழமை வந்தால் வயிற்றைக் கலக்கும். தினமும் என்றால்? உள்ளே ஊற்று இருந்தால் மட்டும் போதாது, தினம் வாளியை இறக்கவேண்டும். ஓயாமல் படிக்கவேண்டும், பஸ்ஸில் காதைத் திறந்து வைத்திருக்கவேண்டும், கேட்ட கதையைக் குறுக்கிச் சில நிமிஷத்துக்குள் அடக்கவேண்டும். நமக்கு அது சிரிப்பு. அவருக்கு அது டியூட்டி. அதே நேரம் ஆபீஸ் வேலையும் பாக்கி இருக்கும். உதவி நிலைய இயக்குநர் நாற்காலி என்பது 'நேற்று நல்ல ஜோக் சொன்னேன்' என்று சொல்லிவிட்டு ஃபைலைத் தள்ளிவைக்கக்கூடிய நாற்காலி இல்லை.

ஓய்வுக்குப் பிறகும் மனுஷர் ஓயவில்லை. சன் டி.வி.யில் 'இந்த நாள் இனிய நாள்' என்று வந்தார். குரலை மட்டுமே தெரிந்த ஜனங்கள் முகத்தையும் பார்த்தார்கள். அங்கேயும் சிரிக்கவில்லை என்று தெரிந்து திருப்தி அடைந்தார்கள்.

* * *

இந்த நூற்றாண்டு பிறந்து, தனியார் எஃப்.எம். வந்தது. பேச்சின் வேகம் கூடிற்று. தனியார் எஃப்.எம்.முக்குச் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. பாட்டுக்கு நடுவே இருக்கிற இடத்தை எதால் நிரப்புவது? கிண்டலால். அப்படிப் பிறந்ததுதான் ஆர்.ஜே. என்ற புது ஜாதி. அதில் பலபேர் நிஜமான திறமைசாலிகள்.

ஆர்.ஜே. பாலாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் ரேடியோ மிர்ச்சியில் ஆரம்பித்து, சென்னையில் பிக் எஃப்.எம்.மில் 'க்ராஸ் டாக்' நடத்தினார். முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் போட்டு, அவர் பொறுமையின் எல்லை எங்கே இருக்கிறது என்று சோதிக்கும் நிகழ்ச்சி. ஷேர் ஆட்டோவில் அதைக் கேட்டுச் சிரித்து இறங்கவேண்டிய ஸ்டாப்பைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. பிறகு சினிமாவுக்குப் போனார். 2019-ல் 'எல்.கே.ஜி.', 2020-ல் 'மூக்குத்தி அம்மன்'. மிர்ச்சி சிவாவும் இப்படித்தான். ரேடியோவிலிருந்து 2007-ல் 'சென்னை 600028', 2010-ல் 'தமிழ்ப் படம்'. ரேடியோ அவர்களுக்குப் படிக்கட்டு. ஏறினார்கள், நல்ல காரியம்தான். யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால், இரண்டு ஹாஸ்யத்துக்கும் நடுவே ஒரு வித்தியாசம் எனக்குப் படுகிறது. போன் கிண்டலில் சிரிப்பு வரவேண்டும் என்றால், அந்தப் பக்கம் ஒருவர் நிஜமாகவே தவிக்கவேண்டும். கடைசியில் விஷயத்தை உடைத்ததும் அவரும் சிரித்துவிடுவார், சரி. ஆனால், நடுவிலே இருக்கிற அந்த இரண்டு நிமிஷம் அவருடையது. நம்முடையது இல்லை. தென்கச்சியாரின் கதையிலும் ஏமாந்தவன் உண்டு, அசடு வழிகிறவன் உண்டு. ஆனால், அவனுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. 'ஒருத்தர்' மட்டும்தான். அந்த ஒருத்தர் இடத்தில் கேட்கிற ஒவ்வொருவரும் தன்னை வைத்துச் சிரித்துக்கொள்ளலாம்.

இதை நான் தத்துவமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். வேலை போன வருஷத்தில் யாராவது அப்பாவுக்குப் போன் செய்து, "சார், உங்களுக்கு மேனேஜர் வேலை கிடைச்சிருக்கு" என்று விளையாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. அன்று அவரைச் சிரிக்க வைத்தது, அவரைத் தொடாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு குரல்.

* * *

ஆபீஸ் நண்பர்கள் சிலர் என்னிடம் அடிக்கடி சொல்வதுண்டு: "பாரு, ஒரு நாள் இந்த வேலையைத் தூக்கிப் போட்டுட்டு நமக்குப் பிடிச்சதைச் செய்யணும்." ஸ்டாண்ட்-அப், சேனல், சினிமா, ஏதோ ஒன்று. தூக்கிப் போட்டவன் என்ற முறையில் நான் அவர்களுக்கு எதிர்ப்பேச்சு பேசமுடியாது. ஆனால், தென்கச்சியாரின் உத்தியோகச் சரித்திரம் வேறொரு வழியைக் காட்டுகிறது. அவர் வேலையைத் தூக்கிப் போடவில்லை. வேலைக்குள்ளேயே சில நிமிஷத்தைத் தனக்கென்று பிரித்து எடுத்துக்கொண்டார். அந்தச் சில நிமிஷத்தைத் தினமும் ஒழுங்காகச் செய்தார். அரசாங்கக் கட்டடத்தில், அரசாங்க மைக்கில், அரசாங்க ரூல்ஸுக்கு உட்பட்டு. இன்று அவர் பார்த்த ஃபைல் ஒன்றாவது யாருக்காவது ஞாபகம் இருக்குமா? அந்தச் சில நிமிஷம் இருக்கிறது.

எல்லா ஆபீஸிலும் அப்படி ஒரு மைக் கிடைக்காது என்பது வாஸ்தவம். ஆனாலும் எனக்குத் தெரிந்த ஒரு பேங்க் கேஷியர், பென்ஷன் வாங்க வரும் கிழவர்களை வரிசையில் நிற்கவிடாமல் பேச்சுக் கொடுத்தே உட்கார வைப்பார். அவர் கவுன்ட்டரில் மட்டும் சண்டை வராது. அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

* * *

2009 செப்டம்பர் 16-ம் தேதி தென்கச்சியார் சென்னையில் காலமானார். அப்போது நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார். வெகு நேரம் கழித்து வந்தார்.

பிறகு அந்த டிரான்ஸிஸ்டரும் காலமாயிற்று. அகில இந்திய வானொலியே 2023-ல் ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டு ஆகாசவாணி என்று மட்டும் ஆகிவிட்டது. எங்கள் ஊர் திண்ணைகளில் இப்போது செல்போன் பாடுகிறது. பௌர்ணமிக்கு நடக்கிறவர்கள் காதில் ஆளுக்கொரு மொட்டு.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது யூ-டியூபில் அவருடைய பழைய பேச்சு ஒன்றைத் தேடி எடுத்து, போனை அப்பாவின் கையில் கொடுத்தேன். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். குரல் கேட்டதும் முதுகு நிமிர்ந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பழக்கம் விடுமா, மெதுவாகத் திருப்ப ஆரம்பித்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஓரிடத்தில் நிறுத்தி, அப்படியே ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

"அப்பா, இதுக்குத் திருப்பவே வேணாம்ப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"திருப்பினதாலதான்டா இவ்ளோ நல்லா கேக்குது" என்றார்.